களப்பணிக்கு விடுதிக் குப்பையை எடை போடுங்கள்

இளங்கலை மாணவர் அனைவருக்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானதன் வேர், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள் இருந்தன. அவற்றில் ஐந்து களப்பணிக்கு. 100 மதிப்பெண்ணில் 25 அதற்கே ஒதுக்கப்பட்டது. அந்தக் களப்பணியைத்தான் நாம் வீணடிக்கிறோம்.

நான் வேதியியல் ஆசிரியர். இந்தத் தாள் என் தலையில் விழுந்த முதல் ஆண்டு, பதினெட்டுப் பேர் கடலோர அலையாத்திக் காடுகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கடல் 150 கிலோமீட்டர். பதினெட்டிலும் ‘காடுகள்’ என்பது ‘காடுகல்’ என்றே இருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு நல்ல வியாபாரம்.

மறு ஆண்டு விடுதிச் சமையலறைக்குப் போனோம். நீங்களும் செய்யலாம்.

முதலில் சமையல் மாஸ்டரிடம் பேசுங்கள். சோதனைக்கு வந்திருப்பதாக அவர் நினைத்தால் அன்று குப்பையே இருக்காது. பிரியாணி போடும் ஞாயிறு வேண்டாம், சாதாரண வேலைநாள் போதும். தார்ப்பாய், கையுறை, முகக்கவசம், பழைய பேப்பர்க்காரரிடம் இரவல் வாங்கிய தொங்கு தராசு, நான்கு வாளிகள். வெறும் வாளியை முதலில் நிறுத்து, எடையை அதன் மேலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள். நாங்கள் மறந்துபோய், காலைக் கணக்கு முழுவதையும் தூக்கிப் போட்டோம்.

பிரிப்பதில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: காய்கறித் தோல் வேறு, தட்டில் மிஞ்சிய சோறு வேறு. முன்னது சமையலறையின் கணக்கு, பின்னது மாணவர்களின் கணக்கு. இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் ‘ஈரக்குப்பை’ என்ற பெயர்தான் மிஞ்சும். பொட்டலமாகச் சுற்றிய சானிட்டரி நாப்கின்களை அவிழ்க்கவே கூடாது.

எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதையும் எண்ணுங்கள். எங்களுக்கு மதியம் 240 பேர், தட்டு மிச்சம் 31 கிலோ. ஆளுக்கு ஏறத்தாழ 130 கிராம். பெரும்பாலும் சாம்பாரில் ஊறிய சோறு. பரிமாறுகிறவர் கேட்காமலே மூன்று கரண்டி வைக்கிறார் என்பதை ஒரு மாணவி வரிசையில் நின்று கவனித்துச் சொன்னாள். மறுவாரம் முதலில் இரண்டு கரண்டி, வேண்டியவர்களுக்கு மறுசோறு என்று மாற்றச் சொல்லி மீண்டும் நிறுத்தோம்: 19 கிலோ. ஒரு வாரத்து எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். அன்றைய குழம்பு நன்றாக இருந்திருக்கலாம்.

மதிப்பெண்ணுக்குத் தட்டச்சு செய்த அறிக்கையைக் கேட்காதீர்கள். அன்று தார்ப்பாய் அருகில் உட்கார்ந்து எழுதிய நோட்டை வாங்குங்கள். சாம்பார்க் கறை படிந்திருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.