அபூர்வமான பழைய ராணுவ லாரிகளின் படங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். டாங்கி என்றால் படம் கொட்டிக் கிடக்கும். லாரி என்றால் வறட்சிதான். போர்முனைக்குப் போன புகைப்படக்காரர்கள் தளபதிகளையும் பீரங்கிகளையும்தான் எடுத்தார்கள். ரேஷன் மூட்டையும் பெட்ரோல் டின்னும் சுமந்து வந்த வண்டியை எடுப்பதற்காக யார் ஃபிலிம் செலவழிப்பார்கள்?

ஆனாலும் அந்த லாரிகள் படங்களில் இருக்கின்றன. ஓரமாக, பாதி மறைந்து, வேறு எதற்காகவோ எடுத்த படத்தில் இருக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுக்கும் வழியை ஒரே ஒரு வண்டிக் குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன்: இரண்டாம் உலகப் போரில் கனடாவில் தயாரான கனடியன் மிலிட்டரி பேட்டர்ன் லாரிகள், சுருக்கமாக சி.எம்.பி. பிரிட்டிஷ் ராணுவம் கேட்ட அளவில், வின்ட்சர் நகரில் ஃபோர்டும் ஒஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸும் செய்தவை. கப்பலில் இடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக முகத்தைச் சப்பையாக வைத்தார்கள். லிபியா, இத்தாலி, பர்மா என்று எல்லா இடத்துக்கும் போயின. இந்திய ராணுவமும் ஓட்டியது.

நான்கு லட்சத்துக்கு மேல் செய்த வண்டி எப்படி அபூர்வம் ஆகும் என்று கேட்பீர்கள். சாதாரண சரக்குப் பெட்டி வைத்த வண்டி அபூர்வமில்லைதான். அதே சட்டகத்தின் மேல் ஏற்றிய பட்டறை வண்டி, தண்ணீர் வண்டி, ஒயர்லெஸ் வண்டி ஆகியவற்றுக்குத்தான் படம் தேடி அலைய வேண்டும்.

முதல் படி: பெயரை உறுதி செய்யுங்கள்

'பழைய ராணுவ லாரி' என்று தேடினால் பொம்மைக் கடைதான் வரும். வண்டியின் குறியீடு தெரிய வேண்டும். சி.எம்.பி.யில் அது சுலபம். முதல் எழுத்து கம்பெனி: சி என்றால் செவ்ரோலெட், அதாவது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி, எஃப் என்றால் ஃபோர்டு. அடுத்து வரும் எண் சுமை, ஹண்ட்ரட்வெயிட் கணக்கில். 20 ஹண்ட்ரட்வெயிட் ஒரு டன். ஆக 15 என்றால் முக்கால் டன், 60 என்றால் 3 டன். கடைசி எழுத்து சட்டகத்தைச் சொல்லும். 'எஃப்60எல்' என்றால் ஃபோர்டு, 3 டன், நீள அச்சிடைவெளி (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்). 'சி60எக்ஸ்' என்றால் செவ்ரோலெட், 3 டன், ஆறு சக்கரமும் இழுக்கும் வண்டி.

பிறகு முகத்தைப் பாருங்கள். ஓட்டுநர் அறையில் மூன்று வகை உண்டு. 1940-இல் வந்தது எண் 11, 1941-இல் வந்தது எண் 12. 1941 கடைசியிலிருந்து போர் முடியும் வரை எண் 13. இந்த 13-ஐ நூறடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்: முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு உள்வாங்கி, மேல்விளிம்பு முன்னே துருத்தி நிற்கும். வெயில் பட்டு மின்னினால் விமானத்திலிருந்து தெரிந்துவிடும் என்பதால் அப்படிச் சாய்த்தார்கள். ஃபோர்டா செவ்ரோலெட்டா என்பதற்கு முன்பக்க வலையைப் பாருங்கள்; கண்கள் சதுரமாக இருந்தால் ஃபோர்டு, வைரக்கல் வடிவில் இருந்தால் செவ்ரோலெட். டயரும் துப்புக் கொடுக்கும். 3 டன் வண்டிக்கு 20 அங்குலச் சக்கரம், சின்ன வண்டிகளுக்கு 16.

இரண்டாம் படி: அந்தக் காலத்துக் குமாஸ்தாவாக யோசியுங்கள்

'சி.எம்.பி.' என்று ஆவணக் காப்பகத்தில் தேடினால் கைக்கு ஒன்றிரண்டுதான் சிக்கும். படக்குறிப்பை எழுதியவருக்கு அது வெறும் 'லாரி'. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவக் கணக்கில் ஒரு டன்னுக்குக் கீழே 'ட்ரக்', மேலே 'லாரி'. அமெரிக்கர்களுக்கு எல்லாமே ட்ரக். ஆகவே இரண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்கள். 'வெஹிக்கிள்', 'டிரான்ஸ்போர்ட்', 'கான்வாய்' என்றும் தேடுங்கள். ஜெர்மன்காரர்கள் பாலைவனத்தில் பிடித்துக்கொண்ட பிரிட்டிஷ் லாரிகளையும் ஓட்டினார்கள். அவற்றுக்கு 'பொய்ட்டெ' (Beute) என்ற ஜெர்மன் சொல் உதவும். கைப்பற்றிய பொருள் என்று அர்த்தம்.

மூன்றாம் படி: லாரியை விடுங்கள், அது போன இடத்தைத் தேடுங்கள்

முக்கியமான படி இதுதான். நான் இதைக் கண்டுகொள்ள ஒரு வருடம் ஆனது.

லாரி எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். பாலத்தில் நிற்கும். பெய்லி பாலம் (துண்டுகளைக் கோத்து ராணுவம் அவசரமாகப் போடும் இரும்புப் பாலம்) கட்டி முடித்ததும் புகைப்படக்காரர் கட்டாயம் ஒரு படம் எடுப்பார்; அதில் பாலத்தைக் கடப்பது பெரும்பாலும் லாரிதான். பக்கவாட்டிலிருந்து எடுத்திருப்பார் என்பதால் வண்டி முழு நீளத்துக்குத் தெரியும். மாடல் செய்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? சேற்றில் சிக்கிய படம் இன்னும் நல்லது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, அடிப்பகுதி, அச்சு எல்லாம் காட்டும். அப்புறம் படகுத்துறை, துறைமுகத்தில் இறக்குவது, தண்ணீர் பிடிக்கும் இடம், நடமாடும் கேன்டீன், கள மருத்துவமனை, தபால் பிரிப்பது.

இடத்தோடு தேதியையும் சேருங்கள். கனடியர்கள் இத்தாலியின் ஒர்டோனா நகருக்காகச் சண்டை போட்டது 1943 டிசம்பரில். 'ஒர்டோனா' என்று மட்டும் போட்டு, வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பின்னணியைப் பாருங்கள். இம்பால், பர்மாவின் டாமு, லிபியாவின் டோப்ருக் என்று இதே மாதிரி போகலாம். நான் பல மாதம் தேடிய ஒரு பட்டறை வண்டியின் பின்கதவு, சிப்பாய்கள் குளிக்கும் படம் ஒன்றில் கிடைத்தது. குறிப்பில் லாரி என்ற சொல்லே இல்லை.

நான்காம் படி: எங்கே தேடுவது

லண்டனின் இம்பீரியல் வார் மியூசியம்தான் முதல் வாசல். அங்கே படத்தின் எண்ணே பாதி கதை சொல்லும்: 'இ' என்று தொடங்கினால் எகிப்து, லிபியா பக்கம், 'என்ஏ' என்றால் வட ஆப்பிரிக்கா, இத்தாலி, 'பி' என்றால் வடமேற்கு ஐரோப்பா, 'எஸ்இ' என்றால் தென்கிழக்கு ஆசியா, 'ஐஎன்டி' என்றால் இந்தியா. ஒரு நல்ல படம் கிடைத்தால் அதன் எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து எண்களைத் தேடிப் பாருங்கள். புகைப்படக்காரர் அதே இடத்தில் நின்று இன்னும் நாலு படம் எடுத்திருப்பார்.

அடுத்து கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியன் வார் மெமோரியல். சி.எம்.பி. வண்டிகள் ஆஸ்திரேலியாவுக்கும் ஏராளமாகப் போனதால் இங்கே நல்ல விளைச்சல். ஒட்டாவாவின் லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடாவையும் (தேசிய நூலகமும் காப்பகமும்) விடாதீர்கள். ஜெர்மன் தரப்புப் படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ். 2008-இல் ஜெர்மன் கூட்டாட்சிக் காப்பகம் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அங்கே கொடுத்தது.

ஐந்தாம் படி: படத்தைச் சோதியுங்கள்

கிடைத்த படத்தை உடனே நம்பிவிடாதீர்கள். சி.எம்.பி. அநேகமாக எல்லாமே வலதுபக்க ஸ்டீயரிங். ஸ்டீயரிங் இடப்பக்கம் தெரிந்தால் யாரோ படத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம்.

எஞ்சின் மூடியின் பக்கத்தில் வெள்ளையில் எழுதிய எண்ணைப் படியுங்கள். 'எல்' என்றால் லாரி, 'இசட்' என்றால் ட்ரக், 'ஏ' ஆம்புலன்ஸ், 'எச்' இழுவை வண்டி. கனடா ராணுவ வண்டி என்றால் முன்னால் ஒரு 'சி' சேரும். முன்பக்கம் மஞ்சள் வட்டத்தில் இருக்கும் எண் பாலங்களுக்கான எடை வகுப்பு. அதைப் படைப்பிரிவின் எண் என்று நினைத்து நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். படைப்பிரிவின் சின்னம் தனி. சிவப்புக் கழுகு என்றால் இந்திய 4-ஆம் டிவிஷன். சின்னம் இருக்க வேண்டிய இடம் மழுங்கித் தெரிந்தால் அது தணிக்கைக்காரரின் கைவரிசையாக இருக்கலாம்.

குறிப்பிலும் தவறு இருக்கும். பாலைவனத்தில் எதிரியின் முதுகுப்புறம் சுற்றிய லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் 1941-இல் ஃபோர்டு எஃப்30 வைத்திருந்தது, அது சி.எம்.பி. 1942-இல் வாங்கிய செவ்ரோலெட் 1533எக்ஸ்2-வும் கனடா வண்டிதான், ஆனால் சி.எம்.பி. இல்லை, மூக்கு நீண்டிருக்கும். மேல்மூடி, கதவு எல்லாம் கழற்றிவிட்டு ஓட்டியதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

இன்னொன்று, இன்று புதுப்பித்து நிறுத்தியிருக்கும் வண்டிகள். வண்ணப்படம் அழகாக இருக்கிறது என்று அப்படி ஒன்றைப் பார்த்து மூன்று மாதம் உட்கார்ந்து மாடல் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, அதன் முகம் ஒரு வண்டி, சட்டகம் ஒரு வண்டி, பெட்டி மூன்றாவது வண்டி. உரிமையாளரைக் குறை சொல்ல முடியாது, கிடைத்ததை வைத்துத்தானே ஓட்ட வைக்க முடியும்? ஆணி, கொக்கி போன்றவற்றுக்கு 1945-க்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்புங்கள்.

ஆறாம் படி: காகிதம்

படம் காட்டாததைப் புத்தகம் காட்டும். பராமரிப்புக் கையேட்டைவிட உதிரிபாகப் பட்டியலைத் தேடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் போட்டு வரைந்திருப்பார்கள். எந்தப் பிரிவு எந்த ஊரில் எப்போது இருந்தது என்று தெரிய, படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் உண்டு. பிரிட்டனின் தேசியக் காப்பகத்தில் டபிள்யூஓ (வார் ஆபீஸ் என்ற போர்த்துறைக் கோப்பு வரிசை) 169 மத்திய கிழக்கு, 170 இத்தாலி, 171 வடமேற்கு ஐரோப்பா, 172 தென்கிழக்கு ஆசியா. அங்கே கிடைக்கும் ஊரையும் தேதியையும் எடுத்துக்கொண்டு திரும்ப மூன்றாம் படிக்கு வாருங்கள்.

சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே காப்பகத்தின் பெயரையும் பட எண்ணையும் போட்டுவிடுங்கள். மூலக் குறிப்பைத் தவறோடு அப்படியே நகலெடுத்து, உங்கள் திருத்தத்தைத் தனி வரியில் எழுதுங்கள். 'லாரி1', 'லாரி2', 'லாரி_புதுசு' என்று நான் சேமித்த இருநூறு படங்கள் இன்னும் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பத்தாக எடுத்து, எங்கிருந்து வந்தவை என்று ரிவர்ஸ் இமேஜ் தேடலில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.