தொழில்முறைப் பயிற்றுநரிடமிருந்து முழுப் பயன் பெறுவது எப்படி?

பணியில் சில ஆண்டுகள் கழிந்தபின் நம்மில் பெரும்பாலோர் ஓரிடத்தில் தேங்கி நின்றுவிடுகிறோம். புதியவராக இருந்தபோது நம் வேலையை யாராவது பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அனுபவம் கூடக்கூட அந்தக் கண்கள் விலகிவிட, நம் பழக்கங்கள் நமக்கே தெரியாமல் இறுகிப்போகின்றன. விளையாட்டு வீரர்களும் பாடகர்களும் உச்சத்தைத் தொட்ட பின்னும் பயிற்றுநரை விடுவதில்லை. மற்றத் தொழில்களில் இருப்பவர்களுக்கும் அத்தகைய ஒருவர் தேவை என்பதே என் உறுதியான எண்ணம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே இதற்குத் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். தம் திறன் மேலும் வளரவில்லை என்று உணர்ந்த அவர், தமக்கு முன்பு கற்பித்து ஓய்வுபெற்றிருந்த மருத்துவர் ஒருவரை அறுவை அரங்குக்கு அழைத்து, ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆயினும் பார்த்தவரின் குறிப்பேடு நிரம்பியிருந்தது. கவாண்டேயின் முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு எழுவதையும், விளக்கின் ஒளி அறுவை நடக்கும் இடத்திலிருந்து நழுவிப் போயிருந்ததையும் அவர் குறித்திருந்தார். இவை அறியாமையால் நேர்ந்த பிழைகள் அல்ல. செய்பவரின் கவனம் முழுவதும் வேலையில் இருக்கையில், தம்மைத் தாமே வெளியிலிருந்து பார்க்க முடியாததால் நேர்ந்தவை. 2011இல் இந்த அனுபவத்தை அவர் விரிவாக எழுதினார்.

ஆகவே பயிற்றுநரைத் தேடும் முன், எதைப் பார்க்கச் சொல்லப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ‘நல்ல தலைவராக வேண்டும்’ என்பது மிகவும் அகலமான விருப்பம். ‘வாராந்தரக் கூட்டத்தில் மற்றவர்கள் பேசி முடிக்கும் முன் நான் குறுக்கிடுகிறேன்; அதைக் குறைக்க வேண்டும்’ என்பது பயிற்றுநரும் நீங்களும் சேர்ந்து கவனிக்கத்தக்க, எண்ணிப் பார்க்கத்தக்க இலக்கு.

தேவை எதுவென்பதிலும் தெளிவு வேண்டும். ஒரு மென்பொருளையோ சட்டத்தையோ கற்க வகுப்புப் போதும். துறையின் போக்கை அறிய மூத்த வழிகாட்டி போதும். மனச்சோர்வோ ஆழ்ந்த துயரமோ இருந்தால் மனநல வல்லுநரையே நாட வேண்டும். தெரிந்த வேலையில் இறுகிப்போன பழக்கத்தை மாற்றவே பயிற்றுநர்.

பயிற்றுநர் என்று யார் வேண்டுமானாலும் தம்மை அழைத்துக்கொள்ளக்கூடிய துறை இது என்பதால், தேர்வில் நிதானம் தேவை. 1995இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற பயிற்றுநர்களுக்கான பன்னாட்டு அமைப்பு மூன்று நிலைகளில் சான்று வழங்குகிறது. முதல் நிலைக்கு 100 மணி நேரமும், அடுத்ததற்கு 500 மணி நேரமும், உயர்ந்த நிலைக்கு 2,500 மணி நேரமும் பயிற்றுவித்த அனுபவம் கேட்கப்படுகிறது. சான்று ஒரு தொடக்க வடிகட்டி மட்டுமே. இரண்டு மூன்று பேரிடம் முதல் உரையாடல் நடத்தி, அவர்களில் யார் அறிவுரை பொழியாமல் உங்களைச் சிந்திக்க வைக்கும் கேள்விகளைக் கேட்டார் என்று பாருங்கள். குறிப்பிட்ட பலனை உறுதியாகத் தருவதாக வாக்களிப்பவரை நான் தவிர்த்துவிடுவேன்.

கட்டணத்தை நிறுவனம் செலுத்துகிறது என்றால், அமர்வில் பேசுவதில் எது மேலாளருக்குப் போகும், எது போகாது என்பதை நீங்கள், பயிற்றுநர், மேலாளர் மூவரும் முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்த்தால் மற்ற அனைத்தும் வீணாகிவிடும். தம் சொற்கள் எங்கே போய்ச் சேருமோ என்று அஞ்சுகிறவர் தம் பலவீனத்தை வாய்திறந்து சொல்லமாட்டார்.

அமர்வுகளுக்குப் பல வடிவங்கள் உண்டு. இலக்கு, இன்றைய நிலை, சாத்தியமான வழிகள், செய்யத் துணிவது என்ற நான்கு படிகளில் செல்லும் ‘குரோ’ (GROW) முறை பரவலாக அறியப்பட்டது. எந்த முறையானாலும், உங்கள் வேலையைப் பயிற்றுநர் நேரில் காணவோ, உரியவர்களின் ஒப்புதலுடன் எடுத்த பதிவைக் கேட்கவோ வழி செய்யுங்கள். நாமே சொல்லும் கதையில் நமக்குத் தெரியாத பிழைகள் இடம்பெறுவதில்லை.

பின்னூட்டத்தைக் கேட்டு வாங்கும் விதமும் முக்கியமானது. குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியாகச் செயல்திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘உங்களிடம் பொறுமை இல்லை’ என்று பயிற்றுநர் சொன்னால், ‘எந்த இடத்தில், என்ன செய்தபோது அப்படித் தோன்றியது?’ என்று கேளுங்கள். பாராட்டையும் அப்படியே நுணுக்கிக் கேட்பது நல்லது.

உண்மையான மாற்றம் இரு அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களில்தான் நிகழ்கிறது. ஒவ்வொரு அமர்வும் முடியும்போது ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எந்தச் சூழலில் முயன்றீர்கள், என்ன நடந்தது என்பதை அன்றன்றே இரண்டு வரிகளில் குறித்து வையுங்கள். தொடக்கத்தில் வேலை சற்றுத் தடுமாறலாம். பழகிய கையை மாற்றிப் பிடிக்கும்போது அது இயல்பே.

மூன்று மாதம் கழித்து, உங்களுடன் நாள்தோறும் பணிபுரியும் இரண்டு மூன்று பேரிடம், எடுத்துக்கொண்ட அந்த ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். அவர்கள் மாற்றத்தைக் கண்டிருந்தால் அடுத்த இலக்குக்குச் செல்லலாம். எதையும் காணவில்லை என்றால், குறிப்புகளைப் பயிற்றுநரின் முன் வைத்து, இலக்கு பொருந்தவில்லையா, முயற்சி போதவில்லையா, இருவருக்கும் ஒத்துவரவில்லையா என்று வெளிப்படையாகப் பேசி, தேவையானால் வேறொருவரிடம் மாறிக்கொள்ளுங்கள்.