கத்திக்குத் தோலுறை: வெட்டுவதிலிருந்து பித்தளை மெருகு வரை

உறை தைப்பதில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். எதை முதலில் ஒட்டுவது, எப்போது நனைப்பது, உலோகத்தை எந்தக் கட்டத்தில் பொருத்துவது என்று பிடிபட்டுவிட்டால் முதல் உறையே உருப்படியாக வரும். இங்கே சொல்வது மடங்காத சிறு கத்திக்கு, ஒரே தோலை மடித்துத் தைக்கும் உறை.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல், 3 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் நனைத்து அழுத்தினாலும் வடிவம் நிற்காது.

முதலில் கத்தியின் கூரை டேப்பால் மூடுங்கள். தடித்த தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, அதில் கத்தியின் முதுகை வைத்து வரையுங்கள். கூர்ப்பக்கம் 15 மி.மீ. கூடுதலாக விட்டு, தாளை மடித்து வெட்டிக் கத்தியைச் செருகிப் பாருங்கள். தாளிலேயே இறுக்கமாக இருந்தால் தோலில் நுழையவே நுழையாது. சரியாக வந்ததும் அந்தத் தாளின் அளவுக்குத் தோலை வெட்டுங்கள்.

அடுத்தது இடைப்பட்டை. இதை விட்டுவிட்டால் உறையே வீண். கூர்ப்பக்கத்தின் இரு தோல்களுக்கும் நடுவில் 10 முதல் 12 மி.மீ. அகலத் தோல் பட்டை ஒன்று வேண்டும். கனம் அலகின் முதுகுக்குக் குறையக் கூடாது. கத்தியைச் செருகும்போது கூர் இந்தப் பட்டையில்தான் படும். பட்டை இல்லையென்றால் நேராக நூலில் படும். கொஞ்ச நாளில் தையல் ஒவ்வொன்றாக அறுந்து, ஒருநாள் அலகு வெளியே எட்டிப் பார்க்கும்.

உறையை மடித்து ஒட்டுவதற்கு முன்பே இடுப்புவார் வளையத்தைப் பின்பக்கம் ரிவெட் அடித்துவிடுங்கள். மூடிய பிறகு உள்ளே சுத்தியல் போகாது. ரிவெட் பிடி வரும் உயரத்தில் இருக்கட்டும்; அலகு உரசினால் கீறல் விழும்.

எந்த ரிவெட்? வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஈரத்தோலில் உள்ள டானின் (மரப்பட்டைச் சாற்றின் துவர்ப்புப் பொருள்) இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை படியும். அந்தக் காலத்து எழுத்து மையே இப்படிப் பிறந்ததுதான், அதனால் கறை லேசில் போகாது. பித்தளையே நல்லது. அதையும் அடிப்பதற்கு முன்பே மெருகேற்றுங்கள்: அரத்தால் பிசிறு எடுத்து, 400, 800, 1200 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்து, கடைசியில் பாலிஷ். பொருத்திய பிறகு தேய்த்தால் கறுப்புச் சாந்து தோலில் இறங்கிவிடும். பழுப்பேறிய தோற்றம் பிடிக்குமென்றால், அசிட்டோனில் துடைத்த பித்தளையை மூடிய டப்பாவில், கொஞ்சம் அம்மோனியாவுக்கு மேலே நூலில் தொங்கவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில் மட்டும்.

சரி, இனி மூடலாம். ஒட்டும் இரு பக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அழுத்துங்கள். ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு கீறி, 4 மி.மீ. இடைவெளியில் துளையிடுங்கள். மெழுகு நூல் ஒன்று, இரு நுனியிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிரே போக வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிரியாது. நூல் தையல் நீளத்தைப் போல ஐந்து மடங்கு இருக்கட்டும். முடிவில் மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு வெட்டுங்கள்.

அப்புறம் நனைப்பது. வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தினால் தோலிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அது அடங்கும்போது எடுத்துவிடுங்கள். கத்திக்கு எண்ணெய் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் நன்றாகச் சுற்றிச் செருகி, பிடியின் வளைவுகளை விரலால் அழுத்தி எடுங்கள். நகம் படக் கூடாது, ஈரத்தோலில் பட்ட தடம் அப்படியே நிற்கும். உருவம் பதிந்ததும் கத்தியை எடுத்துவிட்டு நிழலில் ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். வெயிலோ ஹேர் டிரையரோ வேண்டாம், தோல் வெடிக்கும்.

காய்ந்ததும் ஓரங்களை உப்புத்தாளால் சமமாக்கி, லேசாக ஈரம் தொட்டு, வழுவழுப்பான கட்டையால் பளபளப்பு வரும்வரை தேய்த்துத் தேன்மெழுகு பூசுங்கள். பிடியைச் சுற்றிவரும் பட்டை வைப்பதாக இருந்தால், அதற்கு பிரஸ் பட்டன் அடிப்பது கடைசி வேலை, ஏனென்றால் பட்டையின் நீளம் இப்போதுதான் சரியாகத் தெரியும்.

கத்தியை வெகுநாள் எடுக்கப் போவதில்லை என்றால் உறைக்கு வெளியே வையுங்கள். தோல் ஈரம் இழுக்கும், அலகு துருப்பிடிக்கும். பித்தளை தோலோடு ஒட்டும் இடத்தில் பச்சையாகப் படிந்தால் துணியால் துடைத்து மெழுகு தடவினால் போதும்.