பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் எந்த மாடல்? கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்

பெடல் ஸ்டீல் என்பது மேசைபோலக் கால்களில் நிற்கும் கிட்டார்; பெடலை மிதித்தும் முழங்காலால் லீவரைத் தள்ளியும் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிப்பார்கள். விற்பனைக்கு வரும் பழைய பெடல் ஸ்டீல் கிட்டார்களில் பலவற்றின் விவரம் "ஷோ-பட் (கம்பெனியின் பெயர்), 1970கள், நல்ல நிலை" என்ற அளவோடு நின்றுவிடும். அது கற்றுக்கொள்பவர்களுக்காகச் செய்த சின்ன மாடலா, நாஷ்வில் ஸ்டூடியோக்களில் வாசித்தவர்கள் பயன்படுத்திய பெரிய மாடலா என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கும். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முன்பக்கத்தில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டிக்கர் உரிந்துபோயிருக்கலாம், யாரோ வேறு ஒன்றை ஒட்டியிருக்கலாம். அடிப்பக்கத்து இயந்திர அமைப்பை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

முதல் படி: எண்ணுங்கள்

எத்தனை கழுத்து (தந்திகள் ஓடும் பலகை), ஒவ்வொன்றிலும் எத்தனை தந்தி, எத்தனை பெடல், எத்தனை முழங்கால் லீவர். இந்த நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்-10 என்றால் ஒற்றைக் கழுத்து, 10 தந்தி. டி-10 என்றால் இரட்டைக் கழுத்து, ஒவ்வொன்றிலும் 10 தந்தி. எஸ்டி-10 என்றால் இரட்டைக் கழுத்து அகலமுள்ள உடலில் ஒரே கழுத்து. மற்றது இருக்க வேண்டிய இடத்தில் கை வைக்க மெத்தை இருக்கும். 8+4 என்று எழுதியிருந்தால் 8 பெடல், 4 முழங்கால் லீவர்.

கழுத்துக்கு 8 தந்திதான் என்றால் பெரும்பாலும் 1950, 60களின் வடிவமைப்பு. 1962-ல் பெடல் ஸ்டீல் வாசிப்பாளர் பட்டி எம்மன்ஸ் தன் கிட்டாரில் கூடுதலாக இரண்டு தந்திகளைச் சேர்த்த பிறகு, 10 தந்தி மெல்ல மெல்ல வழக்கமாகிவிட்டது. ஆனாலும் ஃபெண்டர் கம்பெனி அதற்குப் பிறகும் 8 தந்திக் கருவிகளை விற்றுக்கொண்டுதான் இருந்தது. எனவே இதை மட்டும் வைத்து வருஷம் சொல்லிவிடாதீர்கள்.

பெடல்களெல்லாம் இடது பின்காலைச் சுற்றி விசிறிபோல விரிந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கிப்ஸன் கம்பெனியின் எலெக்ட்ராஹார்ப் மாடல் பக்கம் தேடலாம். மற்றவற்றில் முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பிச்சட்டம் இருக்கும். பெடல்கள் அதில் வரிசையாகத் தொங்கும்.

இரண்டாம் படி: அடிப்பக்கம்

முக்கியமான படி இதுதான். இதற்கு நீங்கள் பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை. இந்தக் கிட்டாரைப் பெட்டியில் வைப்பதே தந்திப்பக்கம் கீழே இருக்கும்படிதான். பெட்டியைத் திறந்ததும் அடிப்பக்கம்தான் முதலில் கண்ணில் படும். வெளியே நிற்கும் கிட்டார் என்றால் பெடலிலிருந்து மேலே போகும் கம்பிகளை முதலில் கழற்றிவிட்டு, பெட்டிக்குள் கவிழ்த்து வைத்து, கால்களைக் கடைசியாகக் கழற்றுங்கள். தரையில் அப்படியே கவிழ்க்கக் கூடாது. சுருதி முறுக்கும் ஆணிகள் வளைந்துவிடும்.

உள்ளே சைக்கிள் பிரேக்குக்குப் போவதுபோன்ற கேபிள்கள் ஓடுகின்றனவா? அப்படியென்றால் பெரும்பாலும் ஃபெண்டர். 1957-ல் வந்த ஃபெண்டர் 1000 இரட்டைக் கழுத்து, 8 தந்தி. அதன் ஒற்றைக் கழுத்துத் தம்பி ஃபெண்டர் 400. பிறகு வந்த 800-ம் 2000-ம் 10 தந்திக் கருவிகள். 800 ஒற்றை, 2000 இரட்டை. கேபிள் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயர்பெற்ற வாசிப்பாளர் ஸ்னீக்கி பீட் கிளைனோ புகழோடு வாசித்தது ஒரு ஃபெண்டர் 400-ஐத்தான்.

கேபிள் இல்லாமல் மெல்லிய உலோகக் கம்பிகள் நீளவாக்கில் ஓடினால், அவை போய்ச் சேரும் வலது ஓரத் தகட்டைப் பாருங்கள். அங்கே வரிசையாக நைலான் முனைகள் துருத்திக்கொண்டிருந்தால் அது ஆல்-புல் வகை. தந்தியின் சுருதி ஏறுவதானாலும் இறங்குவதானாலும் கம்பி இழுக்கவே செய்யும். பெரும்பாலான கருவிகள் இந்த வகைதான். 1970களில் டல்லாஸிலிருந்து வந்த எம்எஸ்ஏ கம்பெனியின் கிளாசிக் மாடலும் இதில் சேரும்.

நைலான் முனைகளே இல்லாமல் தகட்டில் சின்னச் சின்னத் திருகுகள் மட்டும் தெரிந்தால், கொஞ்சம் உற்சாகப்படலாம். எம்மன்ஸ் புஷ்-புல் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். சுருதி ஏற கம்பி இழுக்கும், இறங்கத் தள்ளும். பெயர் அப்படி வந்ததுதான். இதற்குச் சுருதி சேர்க்கும் முறையே வேறு. பெடலை மிதித்துக்கொண்டு ஏறிய சுரத்தைத் தலைப்பக்க ஆணியில் முதலில் சேர்க்க வேண்டும். பிறகு பெடலை விட்டு, திறந்த தந்தியின் சுரத்தை ஓரத்துத் திருகில் சேர்க்க வேண்டும். அந்தத் திருகுகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கிவிடும். எம்மன்ஸ் கம்பெனி வட கரோலினாவின் பர்லிங்டனில் இருந்தது. அவர்களே பின்னாளில் லெக்ராண்ட் என்று ஆல்-புல் மாடலும் செய்தார்கள். முன்பக்கத்துப் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். ஓரத்தகட்டைப் பார்க்காமல் பேசக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மூன்றாம் படி: ஷோ-பட் என்றால் எந்த ஷோ-பட்?

ஷாட் ஜாக்ஸனும் பட்டி எம்மன்ஸும் 1950களின் பிற்பாதியில் நாஷ்வில் பக்கம் தொடங்கியது ஷோ-பட். 1963-ல் எம்மன்ஸ் விலகித் தனிக் கம்பெனி தொடங்கினார். ஷோ-பட் வரிசையாகப் பல மாடல்களைச் செய்தது. குழப்பமெல்லாம் இங்கேதான்.

பர்மனன்ட், ஃபிங்கர்டிப் என்பவை பழையவை. 1960களின் கடைசியில் பால்டுவின் என்ற கம்பெனியின் பெயரோடு வந்தது கிராஸ்ஓவர்; பெடல்களை ஒரு கழுத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஏற்பாடு உள்ளதால் அந்தப் பெயர். 1970களில் புரொஃபஷனல், பிறகு புரோ I, புரோ II, புரோ III. புரோ II-ஐயும் புரோ III-ஐயும் பிரிக்கக் கழுத்தைப் பாருங்கள்: புரோ III-ல் அது அலுமினியம். ஃப்ரெட் பலகையில் ஹார்ட், ஸ்பேட் என்று சீட்டுக்கட்டுச் சின்னங்கள் இருப்பதை வைத்து மாடல் சொல்ல முயலாதீர்கள். அவை பல மாடல்களில் உண்டு.

அகலமான உடலில் ஒரே கழுத்து, பக்கத்தில் மெத்தை, பச்சை நிறம் என்றால் லாயிட் கிரீன் என்ற வாசிப்பாளரின் பெயரில் வந்த எல்டிஜி-யாக இருக்கலாம். ஆனால் நிறத்தைப் பின்னாளில் யாரும் மாற்றியிருக்கலாம்.

புதியவர்கள் ஏமாறுவது மேவரிக்கில்தான். ஒற்றைக் கழுத்து, 10 தந்தி, 3 பெடல், ஒரே ஒரு முழங்கால் லீவர். கற்றுக்கொள்பவர்களுக்கென்று செய்தது. மோசமான கருவி என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்றைய ஈ9 (10 தந்திக்கான வழக்கமான சுருதி அமைப்பு) பாடங்கள் நான்கைந்து லீவர் கேட்கும், அவ்வளவையும் இதில் சேர்ப்பது பெரும்பாடு. அதைப் புரொஃபஷனல் விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

நான்காம் படி: வருஷம்

சத்தம், டோன் குமிழ்கள் உள்ள கருவியில் (ஃபெண்டர்கள் அப்படித்தான்) குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் ஓர் எண் பொறித்திருக்கும். 1376633 என்றால் 137 சிடிஎஸ் கம்பெனி, 66 என்பது 1966, 33 என்பது அந்த வருஷத்தின் 33-வது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். அந்தப் பாகம் எப்போது தயாரானது என்பதுதான் இது. கிட்டார் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பூட்டப்பட்டிருக்கலாம். சாலிடர் பளபளவென்று புதிதாக இருந்தால் பாகமே மாற்றப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குமிழே இல்லாத கருவிகளில் இந்த வழி உதவாது. அங்கே சீரியல் எண்ணையும் இயந்திர அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், லீவர்களின் உலோகத்தை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறு மெருகில், வேறு வகைத் திருகோடு இருந்தால் அது பிறகு சேர்த்தது. வாசிப்பதற்கு அது நல்லதுதான், ஆனால் கருவி ஃபேக்டரியிலிருந்து வந்தபோது எத்தனை லீவர் இருந்தது என்பதை அதைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும்.

நேரில் போக முடியாவிட்டால் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: அடிப்பக்கம் முழுதாக, வலது ஓரத்தகடு அருகிலிருந்து, தலைப்பக்கம், சீரியல் எண். அடிப்பக்கப் படத்தைத் தர மறுத்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.