புள்ளடி போடுவதற்கு முன்பே விடுகிற பிழைகள்: திருகோணமலைப் புறநகரும் உள்ளூராட்சித் தேர்தலும்

உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த மறுநாள் "எங்கட ஊருக்கு ஆளில்லாமல் போச்சு" என்ற பேச்சு உப்புவெளியிலும் கேட்கும், பாலையூற்றிலும் கேட்கும். பெரும்பாலும் அந்த ஆள் வாக்குச்சாவடியில் தோற்றவர் அல்ல. வாக்காளர் இடாப்பு திருத்தப்பட்ட மாதத்திலோ வேட்புமனு நிரப்பிய மேசையிலோ முன்பே கைநழுவிப் போனவர். அப்படி நழுவும் இடங்களைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எந்தச் சபை என்று தெரியாமல் நிற்பது

திருகோணமலை மாவட்டத்தில் 13 உள்ளூராட்சி மன்றங்கள் உண்டு. நகரம் 2025 தேர்தலிலிருந்து மாநகர சபை. அதைச் சுற்றியுள்ள உப்புவெளி, அலஸ் தோட்டம், சாம்பல்தீவு, கன்னியா, சீனக்குடா போன்ற இடங்கள் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகின்றன. இன்னும் வடக்கே நிலாவெளிக்குப் போனால் அது குச்சவெளிப் பிரதேச சபை. குழப்பம் வருவது பெயரால். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம் நகரத்தையும் புறநகரையும் சேர்த்தே நிருவகிக்கிறது. அதே பெயருள்ள பிரதேச சபைக்கோ நகரத்தில் அதிகாரம் இல்லை. செயலகம் என்பது அரச நிருவாகம், காணி அனுமதிப்பத்திரமும் நலன்புரிக் கொடுப்பனவும் அங்கே. சபை என்பது நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்வது.

இது தெரியாததால் வேட்பாளரிடம் கேட்கிற கேள்வியும் பிழைக்கிறது. நிலாவெளி பிரதான வீதி பி 424, கண்டி வீதி ஏ 6. இரண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. குழாய்த் தண்ணீர் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியது. கடற்கரையோரக் கட்டடம் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் உள்ளே வரும். பிரதேச சபையிடம் கேட்க வேண்டியவை வேறு: ஒழுங்கைகள், வடிகான், மதகு, தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், நூலகம், கட்டட அனுமதி, வியாபார உரிமம், சோலைவரி. பிரதான வீதிக்குக் காப்பெட் போடுவேன் என்று ஒருவர் பிரசுரம் அடித்தால், அவருக்குச் சபையின் வேலை தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். அதற்குப் பதிலாக "மார்கழி மழைக்கு எங்கட ஒழுங்கைத் தண்ணி எந்தக் கானால் எங்கே இறங்க வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

இடாப்பைப் பார்க்காமல் விடுவது

புறநகரில் வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறுகிறவர்கள் அதிகம். நகரத்தில் பதிவிருக்கும், ஆள் இரண்டு வருடமாக அன்புவழிபுரத்தில் இருப்பார். தேர்தல் நாளில் நகரத்துக்குப் போய் வாக்களித்துவிட்டு வந்து, தன் ஒழுங்கைக்கு விளக்கில்லை என்று பிரதேச சபையைத் திட்டுவார். வருடாந்த மீளாய்வு பெப்ரவரி 1 ஆம் திகதிய வதிவிடத்தை வைத்தே செய்யப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் தேடி வரட்டும் என்று இருக்கக் கூடாது. இப்போது வீடு வீடாக பி.சி. எனும் வாக்காளர் பதிவுப் படிவம் வருவது குறைவு, மாற்றம் உள்ளவர்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு நீக்கப்படும் பெயர்களின் பட்டியலும் சேர்க்கப்படும் பெயர்களின் பட்டியலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் உள்ளூராட்சி மன்றத்திலும் தொங்கவிடப்படும். ஆட்சேபனை செய்யலாம், உரிமை கோரலாம், ஆனால் அதற்கென்று குறித்த நாட்களுக்குள் மட்டுமே. தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பயனில்லை, ஏற்கெனவே அத்தாட்சிப்படுத்திய இடாப்பு வைத்துத்தான் தேர்தல் நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனின் பெயர் நிற்கிறதா என்று பார்க்கப் போகிற பெற்றோர், 18 வயதான மகளின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்தால் நல்லது. தேர்தல் ஆணைக்குழுவின் இணையதளத்தில் அடையாள அட்டை இலக்கத்தை இட்டும் பார்க்கலாம்.

வாக்காளர் அட்டை வராவிட்டாலும் வாக்களிக்கலாம். ஆளடையாள ஆவணம் இல்லாவிட்டால் முடியாது. தேசிய அடையாள அட்டை தொலைந்தவர் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் அடையாள அட்டை போன்றவற்றைக் காட்டலாம். ஒன்றுமே இல்லையென்றால் கிராம உத்தியோகத்தர் மூலம் தற்காலிக அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு புள்ளடியின் கணக்கு

கூடுதலான பேர் குழம்புவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2018 பெப்ரவரி 10 தேர்தலிலிருந்து கலப்பு முறை: உறுப்பினரில் 60 சதவீதம் வட்டாரத்தில் நேரே வென்றவர்கள், 40 சதவீதம் கட்சி அல்லது குழுவின் மொத்த வாக்குக்கு ஏற்பப் பட்டியலிலிருந்து வருபவர்கள். வாக்குச்சீட்டில் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கும், வேட்பாளர் பெயர் இருக்காது. விருப்பு வாக்கும் கிடையாது. பாராளுமன்றத் தேர்தல் ஞாபகத்தில் இலக்கம் தேடுகிறவர்களும், சனாதிபதித் தேர்தல் ஞாபகத்தில் 1, 2, 3 போடுகிறவர்களும் உண்டு. இங்கே ஒரே ஒரு புள்ளடி (X). இரண்டு சின்னத்துக்குப் போட்டாலும், வாக்காளர் யாரென்று காட்டும் எதையாவது எழுதினாலும் வாக்கு நிராகரிக்கப்படும். இரண்டு உறுப்பினர் கொண்ட வட்டாரத்திலும் ஒரு புள்ளடிதான். அங்கே முதலிடம் வரும் கட்சி இரண்டு ஆசனத்தையும் எடுத்துக்கொள்ளும்.

அந்த ஒரு புள்ளடி இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது: உங்கள் வட்டாரத்தில் யார் வென்றது என்பதற்கு ஒருமுறை, முழுச் சபையிலும் அந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதற்கு இன்னொருமுறை. கற்பனையாக 20 உறுப்பினர் சபை ஒன்றை எடுப்போம். 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்கு 24,000. அதை 20 ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 1,200 வாக்கு.

முதற் கட்சி 9,000 எடுத்தால் 7 முழு ஆசனம், மிச்சம் 600. இரண்டாவது 7,100: 5 ஆசனம், மிச்சம் 1,100. மூன்றாவது 4,700: 3 ஆசனம், மிச்சம் 1,100. நான்காவது 2,000: ஒன்று, மிச்சம் 800. ஊர்ச் சுயேச்சைக் குழு 1,200: சரியாக ஒன்று. முழு ஆசனம் 17 ஆகிறது. மீதி 3 உம் மிச்சம் கூடிய இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கட்சிகளுக்குப் போகும். ஆக ஒவ்வொருவருக்கும் உரிய ஆசனம், அதாவது உரித்து, 7, 6, 4, 2, 1.

இப்போது வட்டாரத்தைப் பாருங்கள். முதற் கட்சி 9 வட்டாரத்தில் வென்றது, இரண்டாவது 3 இல் வென்றது, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முதற் கட்சியின் உரித்து 7 தான், ஆனால் வென்ற 9 ஐயும் பறிக்க முடியாது. அதற்குப் பட்டியல் ஆசனம் இல்லை. மற்றவர்கள் தங்கள் உரித்தைப் பட்டியலால் நிரப்புகிறார்கள்: 3, 4, 2, 1. சபை 22 பேராகப் பெருக்கிறது. 12 இல் 9 வட்டாரத்தை வென்ற கட்சி 22 பேர் சபையில் பெரும்பான்மை இல்லாமல் நிற்கிறது. ஒரு வட்டாரமும் வெல்லாத ஊர்க் குழுவின் ஒரு உறுப்பினர், சபைத் தலைவரான தவிசாளரைத் தீர்மானிக்கிற இடத்தில் இருக்கிறார்.

இந்தக் கணக்கு தெரியாமல் செய்கிற பிழைகள் இரண்டு. "எங்கட வட்டாரத்தில அவையள் வெல்ல மாட்டினம், போட்டு என்ன?" என்று வீட்டில் இருப்பது ஒன்று. தோற்ற வட்டாரத்தில் விழும் வாக்கும் பட்டியலுக்குச் சேருகிறது. எதிர்ப்பக்கப் பிழை, ஒரே ஊரிலிருந்து மூன்று சுயேச்சைக் குழு இறங்குவது. தலா 400 வாக்கு எடுத்தால் மேலே சொன்ன கணக்கில் மூவரும் வெறுங்கை. சேர்ந்து நின்றிருந்தால் ஓர் ஆசனம். இறங்குவதற்கு முன் இடாப்பிலுள்ள தொகையை எடுத்து, போன முறை வாக்களித்த வீதத்தால் பெருக்கி, உறுப்பினர் தொகையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணுக்குக் கிட்டவும் வர முடியாத குழு வேறு யாருக்கோ உதவி செய்கிறது. சில வேளை அதற்காகவே இறக்கப்படுகிறது என்பதும் ஊரறிந்த விடயம்.

வேட்புமனு மேசையில்

"எங்கட வட்டாரத்தில மட்டும் நான் தனியக் கேட்கிறன்" என்று முடியாது. கட்சியோ சுயேச்சைக் குழுவோ சபையின் எல்லா வட்டாரத்துக்கும் ஆள் போட்டு, பட்டியலையும் நிரப்ப வேண்டும். ஓர் ஊரின் சங்கம் இறங்க நினைத்தால் பக்கத்து ஊர்களையும் சேர்த்தே ஆக வேண்டும். இந்தத் தேர்தல் முறை செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்பேன்.

வேட்பாளர் அந்தச் சபை எல்லைக்குள் வாக்காளராக இருக்க வேண்டும். தான் கேட்கும் வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டுமென்றில்லை. உப்புவெளியில் கடை வைத்திருந்து, வாக்குப் பதிவு மாநகர எல்லைக்குள் இருப்பவர் பிரதேச சபைக்குக் கேட்க முடியாது. போட்டியிடக் கட்ட வேண்டிய கட்டுப்பணம் ஒரு வேட்பாளருக்குக் கட்சியென்றால் 1,500 ரூபாய், சுயேச்சைக் குழுவென்றால் 5,000 ரூபாய். கடைசி நாளுக்கு முதல்நாள் நண்பகல் 12 மணியோடு கட்டுப்பணம் ஏற்பது முடிந்துவிடும். வேட்புமனுவை இறுதி நாள் நண்பகல் 12 மணிக்குள் கையளிக்க வேண்டும். வங்கி வரிசையில் நின்று கோட்டைவிட்ட குழுக்கள் உண்டு.

மனுவை நிராகரிக்க வைப்பவை பெரும்பாலும் சின்னச் சின்னத் தாள்கள். வட்டார வேட்பாளர்களில் பெண்கள் 10 சதவீதம், பட்டியலில் 50 சதவீதம் இருக்க வேண்டும். 35 வயதுக்கு மேற்படாத இளைஞர்கள் 25 சதவீதம் வேண்டும், அவர்களின் வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். 2025 இல் நாடு முழுவதும் ஏராளமான மனுக்கள் தள்ளப்பட்டு வழக்குக்குப் போனபோது, பிறப்புச் சான்றிதழின் நிழற்பிரதிதான் வாதத்தின் நடுவில் இருந்தது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று செய்யும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைச் சத்தியம், வேட்பாளரின் சம்மதக் கையொப்பம், கட்சிச் செயலாளர் அல்லது குழுத்தலைவரின் கையொப்பத்துக்குச் சமாதான நீதவான் அல்லது நொத்தாரிசின் அத்தாட்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இருவரை ஒதுக்குங்கள். நிரப்பினவரே சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது.

பெண் வேட்பாளரைத் தேடும் வேலையைக் கடைசி இரவுக்கு வைப்பதும் வழமையான பிழை. யாருடைய மனைவியோ மச்சாளோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சபைப் பக்கமே போகாமல் இருப்பார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பத்து வருடம் கணக்கு எழுதினவர் அதே ஒழுங்கையில் இருப்பார், அவரிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பட்டியல் வாக்குறுதி

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்திருக்கும் புறநகரில், எந்த வட்டாரத்திலும் பெரும்பான்மை இல்லாத சிறு ஊர்களுக்குப் பட்டியலே வழி. கட்சிக்காரர் வந்து "உங்கட ஆள பட்டியலில முதலாவதாப் போட்டிருக்கிறம்" என்பார்கள். பட்டியலின் வரிசைக்கு எந்தப் பலமும் இல்லை. தேர்தல் முடிந்த பின் யாரை அனுப்புவது என்று செயலாளர் அல்லது குழுத்தலைவர் தீர்மானிப்பார். வட்டாரத்தில் தோற்றவரையும் அனுப்பலாம்.

ஆகவே சனசமூக நிலையமோ மீனவர் சங்கமோ கோயில், பள்ளிவாசல் நிருவாகமோ ஆதரவு கொடுக்கும்போது நான்கு விடயத்தை எழுத்தில் வாங்க வேண்டும். எத்தனை பட்டியல் ஆசனம் கிடைத்தால் அதில் எத்தனையாவது உங்களுக்கு? யாருடைய பெயர்? நான்கு வருடமும் அவரா, அல்லது வருடத்துக்கு ஒருவராகச் சுழற்சியா? அவர் விலகினால் அடுத்தது யார்? இடைத்தேர்தல் கிடையாது, வெற்றிடத்துக்கும் கட்சியே பெயர் கொடுக்கும். நீதிமன்றத்தில் இந்தத் தாள் நிற்குமா என்பது வேறு கதை. ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்ட அது போதும். சுழற்சி முறையை நான் விரும்புவதில்லை. சபையின் கணக்கு, தீர்மானம், ஒப்பந்தம் எல்லாம் விளங்க ஒருவருக்கு வருடமொன்று ஆகும், விளங்கிய அன்று அவரை இறக்கி அடுத்தவரை ஏற்றுகிறார்கள்.

தேர்தலோடு கைகழுவுவது

முதற் கூட்டத்தில் எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் தவிசாளரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். வாக்கெடுப்பு இரகசியமா பகிரங்கமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். உங்கள் உறுப்பினர் பகிரங்க வாக்கெடுப்புக்குக் கை தூக்குவாரா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது. செலவு விபரமும் உண்டு. 2023 ஆம் ஆண்டு 3 ஆம் இலக்கச் சட்டப்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் வரவுசெலவைக் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும், பலருக்கு இது தெரியாது.

1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்க இடம் தருகிறது: நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழினுட்ப சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும். புதிய சபை கூடிய முதல் மாதமே உங்கள் சங்கத்தின் கடிதத் தலைப்பில் பெயர் கொடுத்து விண்ணப்பியுங்கள். குழு அமைத்து முடிந்த பின் போனால் "அடுத்த முறை பார்ப்பம்" என்பார்கள். உங்கள் வட்டாரத்துக்கு எந்த ஒழுங்கைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதை வாய்ச்சொல்லாகக் கேட்டு அலையாமல், 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். "அபிவிருத்தி விபரம் தருக" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். ஒழுங்கையின் பெயர், வருடம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த தொகை என்று நான்கையும் தனித்தனி வரியாக எழுதுங்கள், கடிதம் கையேற்றதற்கு முத்திரை குத்திய பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.