ராக ஆய்வை மாநாட்டுக்கு அனுப்புவது எப்படி? முதல்முறை எழுதுவோருக்கு

இசையை மனித மனம் எப்படிக் கேட்கிறது என்று பேசும் மாநாடுகளில் நம் இசையைப் பற்றி நம்மவர்களே பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சிங்கப்பூரில் அதற்குத் தோதான சூழல் இருக்கிறது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர், சீன இசை கேட்டு வளர்ந்தவர், மலாய்ப் பாடல்களோடு வளர்ந்தவர் என எல்லாரும் ஒரே புளோக்கில் குடியிருக்கிறார்கள். காது எப்படிப் பழகுகிறது என்று ஆராய இது அருமையான இடம். ஆனால் ஆய்வை முடித்த மாணவர்கள் பலர், மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கம் (abstract) எழுதும் இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

1. மாநாட்டைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் துறையில் முதலில் பார்க்க வேண்டியது ஐசிஎம்பிசி (ICMPC) எனப்படும், இசையை உணர்தல், அறிதல் பற்றிய பன்னாட்டு மாநாடு. 1989ல் கியோட்டோவில் தொடங்கியது. 2023ல் ஆசிய பசிபிக் வட்டாரச் சங்கமான ஆப்ஸ்காமுடன் சேர்ந்து தோக்கியோவில் நடந்தது. இப்போது அறிவிப்பில் இருக்கும் மாநாட்டின் விதிகளை முழுதாகப் படியுங்கள். சொல் வரம்பு, தலைப்புகள், பெயர் மறைக்க வேண்டுமா என்பதெல்லாம் மாநாட்டுக்கு மாநாடு மாறும்.

2. ஒரே ஒரு கேள்வி

ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். ஆரபியும் தேவகாந்தாரியும் சங்கராபரணம் என்ற தாய் ராகத்தில் பிறந்த ராகங்கள். இரண்டுமே ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. தாளில் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாடினால் ஆரபி துள்ளலாக, நேராகப் போகும். தேவகாந்தாரி நின்று, அசைந்து, கமகத்தோடு, அதாவது ஸ்வரங்களை அசைத்துப் பாடும் முறையோடு, நகரும்.

இதை வைத்து, "கமகத்தை எடுத்துவிட்டால் கேட்பவர்களால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியுமா?" என்று கேட்கலாம். இது ராகத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரியும். உண்மையில் இது மனத்தைப் பற்றிய கேள்வி: நம் நினைவில் பதிவது ஸ்வரங்களா, அவற்றின் அசைவா? இந்த இரண்டாவது வடிவம்தான் சுருக்கத்தின் முதல் வரிகளில் வர வேண்டும்.

3. எழுதும் இடம்

பெரும்பாலும் பின்னணி, நோக்கம், முறை, முடிவு, முடிவின் பொருள் என்ற வரிசையில் கேட்பார்கள். மொத்தமே சில நூறு சொற்கள்தான்.

என் முதல் சுருக்கம் ஏற்கப்படவில்லை. பாதி இடத்தை நம் இசையின் தொன்மைக்கும் 72 மேளகர்த்தாக்களுக்கும் (தாய் ராகங்களுக்கும்) கொடுத்திருந்தேன். "கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை" என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். அன்றைக்கு வலித்தது, ஆனால் அவர் சொன்னது சரி. நம் இசை எவ்வளவு பெரியது என்று சொல்லும் இடம் அதுவல்ல.

பின்னணிக்கு இரண்டு, மூன்று வாக்கியங்கள் போதும். முன்னோடி ஆய்வு ஒன்றைச் சுட்டுங்கள். உதாரணத்துக்கு, கேஸ்டெல்லானோ, பரூச்சா, க்ரம்ஹான்ஸல் மூவரும் 1984ல் வட இந்திய ராகங்களை வைத்து, இந்தியக் கேட்போரையும் மேற்கத்தியக் கேட்போரையும் ஒப்பிட்டார்கள். அதிலிருந்து உங்கள் ஆய்வு எங்கே விலகுகிறது என்று ஒரு வரி.

கலைச்சொல்லை விளக்காமல் விடாதீர்கள். மதிப்பீட்டாளர் பியானோவும் நரம்பியலும் படித்தவராக இருக்கலாம். "கமகம்" என்று மட்டும் எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "ஸ்வரம் ஓரிடத்தில் நில்லாமல் அக்கம்பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டு அசைவது" என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறீர்கள் என்றாலும், முதலில் தமிழில் நாலு வரி சொல்லிப் பாருங்கள். தமிழில் தெளிவாக வராதது ஆங்கிலத்திலும் வராது.

முறை என்பது சுருக்கத்தின் முதுகெலும்பு. எத்தனை பேர், யார், எத்தனை ஆண்டுப் பயிற்சி, என்ன கேட்டார்கள், என்ன பதில் தந்தார்கள். நம் உதாரணத்தில் கூர்மையான மதிப்பீட்டாளர் ஒன்று கேட்பார்: "கமகத்தை நீக்கினாலும் ராகத்துக்கே உரிய பிரயோகங்கள் (ஸ்வரக் கோவைகள்) காட்டிக்கொடுத்துவிடாதா?" ஆகவே அப்படிக் காட்டிக்கொடுக்கும் பிரயோகங்களை எப்படித் தவிர்த்தீர்கள், இரண்டு ராகங்களையும் ஒரே வேகத்தில் கேட்கவைத்தீர்களா என்பதை எழுதிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம், நீங்கள் யோசித்துச் செய்திருக்கிறீர்கள் என்று காட்டும்.

"முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதவே கூடாது. தரவு பாதிதான் வந்திருக்கிறதா? இதுவரை எத்தனை பேரிடம் சேகரித்தீர்கள், என்ன போக்கு தெரிகிறது, எப்போது முடியும் என்று நேர்மையாக எழுதுங்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றாலும் அதுவும் முடிவுதான்.

எழுதியதைக் கர்நாடக இசை அறியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எனக்கு அது பக்கத்து வீட்டுச் சீன நண்பர். எந்த இடத்தில் அவர் "ஏன்?" என்று கேட்கிறாரோ, அங்கேதான் திருத்தம் வேண்டும்.

4. நெறிமுறை ஒப்புதல்

கேட்பவர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு, உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தரவு சேகரிக்கும் முன்பே வேண்டும். பிறகு வாங்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

5. பெயர் மறைத்தல்

எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாத, பெயர் மறைத்த மதிப்பீடு என்றால் கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. "எங்கள் முந்தைய ஆய்வில்" என்ற தொடரை மாற்றுங்கள். "சிங்கப்பூரில் வாழும் கேட்போர்" என்பது இருக்கட்டும். அது ஆய்வுக்குத் தேவையான தகவல். இசைப்பள்ளியின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

6. வாசிப்பா, போஸ்டரா?

மேடையில் வாசிக்கவும் போஸ்டராக ஒட்டி விளக்கவும், இரண்டுக்கும் சம்மதம் என்று குறியுங்கள். போஸ்டரைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒரு ஜோடி ஹெட்ஃபோனைக் கையில் கொடுத்து, "இதையும் அதையும் கேளுங்கள்" என்று சொல்லலாம். கமகத்தை விளக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

7. அனுப்பும் நாள்

கடைசி நேரத்தைச் சில மாநாடுகள் "பூமியில் எங்கிருந்தாலும்" (Anywhere on Earth) என்ற கணக்கில், அதாவது உலகில் கடைசியாக நாள் முடியும் இடத்தின் நேரப்படி சொல்லும். 1ஆம் தேதி இரவு 11.59 என்றால், சிங்கப்பூரில் 2ஆம் தேதி மாலை 7.59. அந்தக் குறிப்பு இல்லையென்றால் அது எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். எப்படியும் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ரி, க போன்ற ஸ்வரங்களுக்கு நீங்கள் போட்ட சிறு எண்களும் குறியீடுகளும் ஈஸிசேர் (EasyChair) மாதிரியான, சுருக்கங்களை அனுப்பும் இணையத்தளங்களில் ஒட்டும்போது உடையலாம். முன்னோட்டத்தில் ஒருமுறை சரிபாருங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததும் அனுப்பிய எண்ணைக் குறித்துவைத்து, இணை ஆசிரியர்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஏற்கப்பட்ட செய்தி வந்த அன்றே பயண நிதிக்கு விண்ணப்பியுங்கள். அதற்கும் தனியாக ஒரு கடைசித் தேதி இருக்கும்.