கடலில் இருந்து வந்த லைவ் ராக்கை ரீஃப் டேங்குக்குத் தயார் செய்வது எப்படி

பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்காக, அதாவது ரீஃப் டேங்குக்காக, கடல் உயிர்கள் குடியேறிய கல்லான லைவ் ராக் வீட்டுக்கு வந்து இறங்கியதும் பலருக்கும் கை முதலில் போவது குழாய்ப் பக்கம்தான். சேறு ஒட்டியிருக்கும், வாடை அடிக்கும், ஏதோ ஒரு துளையிலிருந்து புழு தலையை நீட்டும், உடனே பிரஷ்ஷை எடுத்து நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து கழுவாதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே அதில் குடியிருக்கும் உயிர்களுக்காகத்தான், உப்பில்லாத தண்ணீரும் அதில் இருக்கும் குளோரினும் பட்டால் அதில் பெரும்பகுதி செத்துவிடும், அப்புறம் கையில் மிஞ்சுவது உள்ளே அழுகிக்கொண்டிருக்கும் ஒரு சுண்ணாம்புக் கட்டி.

இந்தக் கல் பெரும்பாலும் செத்துப்போன பவளங்களின் கால்சியம் கார்பனேட் கூடு, உள்ளே முழுக்க நுண்துளைகள். மேற்பரப்பில், ஆக்சிஜன் கிடைக்கிற இடத்தில் இருக்கும் பாக்டீரியா மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடுகிறது. அதாவது உங்கள் டேங்கின் ஃபில்டரே இந்தக் கல்தான். 1960களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் கடல் கல்லையும் காற்றுக் குமிழிகளையும் நம்பி வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்த்துக் காட்டினார். பிறகு வந்த பெர்லின் முறை இதே கல்லோடு கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியான ஒரு நல்ல புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்துக்கொண்டது, இன்றைக்கும் நிறைய டேங்குகள் ஓடுவது அந்த அடிப்படையில்தான்.

உயிர் எதுவும் இல்லாத உலர் கல் போதாதா என்று கேட்பீர்கள். பாக்டீரியாவைப் பாட்டிலில் வாங்கி ஊற்றலாம், அம்மோனியாவும் இறங்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் கோபிபாட், ஆம்ஃபிபாட் என்ற இறால் இனத்துப் பொடி உயிர்கள், சின்னச் சின்ன நட்சத்திர மீன்கள், கடற்பஞ்சு, கோரலைன் பாசி என்று கடல் கல்லோடு வரும் கூட்டத்தை எந்தப் பாட்டிலிலும் அடைக்க முடியாது. வெறும் உலர் கல்லில் தொடங்கிய டேங்குகள் பழுப்புப் பாசி, டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) என்று மாதக்கணக்கில் படுத்துவதற்கு, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள வேறு உயிர்கள் இல்லாததும் ஒரு முக்கியக் காரணம். காசு கையைக் கடித்தால் முக்கால் பங்கு உலர் கல், கால் பங்கு நல்ல லைவ் ராக் என்று வைத்தாலே போதும். சில மாதங்களில் உயிர்கள் தாமாகப் பரவிவிடும்.

எங்கிருந்து வாங்குவது என்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். கல் பவளங்கள் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, அந்தக் கட்டுப்பாடு லைவ் ராக் வணிகத்துக்கும் உண்டு. கடலோரம் சும்மாதானே கிடக்கிறது என்று நீங்களாகப் போய் எடுத்து வருவது பல நாடுகளில் குற்றம், எடுத்த இடத்தில் ஒரு வாழ்விடமும் போகிறது. ஃபுளோரிடாவில் இயற்கைக் கல்லை எடுப்பதை நிறுத்திவிட்டு, குவாரியிலிருந்து வெட்டிய சுண்ணாம்புக் கல்லைக் கடலுக்குள் குத்தகை இடத்தில் போட்டு, சில வருடம் கழித்து உயிர் படிந்ததும் எடுத்து விற்கிறார்கள். கிடைக்குமென்றால் இந்த மாதிரி வளர்த்தெடுத்த கல்லைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு எடை குறைவாக இருந்தால் துளைகள் நிறைய என்று அர்த்தம், அதுதான் நல்லது. கடல் வாடை வரலாம், அழுகிய முட்டை நாற்றம் வரக்கூடாது. வேறொருவரின் டேங்கிலிருந்து வாங்கினால் அதில் எப்போதாவது மீன் நோய்க்கான தாமிர மருந்து போட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள், போட்டிருந்தால் அந்தக் கல் வேண்டாம். எவ்வளவு வாங்குவது? டேங்கின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 முதல் 120 கிராம் என்பது பழைய கணக்கு. நல்ல ஸ்கிம்மர் இருந்து, மீனும் குறைவாக இருந்தால் அதில் பாதியே போதும், மீன் நீந்த இடமும் கிடைக்கும்.

சரி, இப்போது கியூரிங், அதாவது கல்லில் செத்தவை எல்லாம் அழுகித் தீரும்வரை அதைத் தனி உப்புத் தண்ணீரில் வைத்திருப்பது. பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான், டேங்க் நன்றாக அமைவதும் கெடுவதும் இங்கேதான் முடிவாகிறது. கல் வருவதற்கு முதல் நாளே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), 25-26 டிகிரி செல்சியஸ் என்று நிறுத்தி, ஹீட்டரும் தண்ணீரைச் சுழற்றும் வலுவான பவர்ஹெட் பம்பும் போட்டு ஓடவிடுங்கள். இன்னொரு பக்கெட்டில் அதே உப்புத் தண்ணீர். ஒவ்வொரு கல்லையும் அந்தப் பக்கெட்டில் முக்கி நாலு உதறு உதறினால் சேறும் தளர்ந்த குப்பையும் போய்விடும். பிறகு நிதானமாகப் பாருங்கள். கடற்பஞ்சுதான் பயணத்தில் முதலில் சாகும், காற்றுப் பட்டால் அதற்கு ஆகாது. செத்த இடம் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருக்கும், மேலே வெள்ளைப் படலம் பூத்திருக்கும், மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும். அதை மட்டும் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். உறுதியாக, நிறம் மங்காமல் இருப்பதைத் தொடவேண்டாம்.

டப்பில் வைத்த முதல் சில நாட்களில் அம்மோனியா ஏறும். செத்தவை செத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டால் பிழைத்திருக்கும் உயிர்களையும் அது கொன்றுவிடும், அதனால் டெஸ்ட் கிட்டில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள், தேவைப்பட்டால் மறுநாளும். ஸ்கிம்மர் இருந்தால் டப்பிலேயே மாட்டுங்கள், அது கக்கும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தாலே எவ்வளவு அழுக்கு வெளியேறுகிறது என்று புரியும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, நுனி குறுகிய பெரிய பிழிகுழாயால் துளைகளுக்குள் தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் பழுப்பு மேகம் போலக் குப்பை கிளம்பும், டப்பின் அடியில் படிந்ததும் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். வெளிச்சம் குறைவாக இருக்கட்டும், கல்லில் பாசியோ பவளமோ உயிரோடு தெரிந்தால் மட்டும் தினமும் சில மணி நேரம் மிதமான விளக்கு போதும்.

தண்ணீருக்குள்ளேயே மூழ்கி வந்த கல் ஒன்றிரண்டு வாரத்தில் தயாராகிவிடும், ஈரக் காகிதம் சுற்றி வந்தது நாலு முதல் ஆறு வாரம்கூட எடுக்கும். தண்ணீர் மாற்றாமலே தொடர்ந்து சில நாட்கள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், வாடையும் சுத்தமான கடல் வாடை என்றால் முடிந்தது. கியூர் செய்த கல் என்று சொல்லி விற்றாலும் மீன் இருக்கும் டேங்கில் நேராகப் போடாதீர்கள். கடையிலிருந்து வீடு வருவதற்குள் கொஞ்சம் செத்திருக்கும்.

இந்த வாரங்களில் இன்னொரு வேலை, ராத்திரியில் விளக்கணைத்துச் சிவப்பு டார்ச்சோடு உட்கார்ந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த நேரம் இது. பிரிசில் புழுவைப் பார்த்துப் பயந்து கல்லையே தூக்கியெறிகிறார்கள், பாவம், சாதாரண பிரிசில் புழு மிஞ்சிய தீனியையும் செத்ததையும் தின்று டேங்கைச் சுத்தமாக வைக்கும். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள், முடி போன்ற முள் குத்தி எரியும். நண்டுகளில் உடல் முழுக்க மயிரும் கொடுக்கு நுனியில் கறுப்பும் இருந்தால் பெரும்பாலும் தொல்லைதான், எடுத்துவிடுங்கள். டப்பிலிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் மான்டிஸ் இறாலாக இருக்கலாம், பிஸ்டல் இறாலாகவும் இருக்கலாம். மான்டிஸ் என்றால் மற்ற இறாலையும் நத்தையையும் ஒவ்வொன்றாகக் காலி செய்துவிடும், துளைக்குள் விரலை விட்டால் விரலுக்கும் உத்தரவாதம் இல்லை. அந்தக் கல்லை 1.035-1.040 அடர்த்தியில் கலந்த கூடுதல் உப்புத் தண்ணீரில் ஓரிரு நிமிடம் வைத்து வெளியே எடுத்து உதறினால் நண்டும் இறாலும் பெரும்பாலும் ஓடி வந்துவிடும். கல்லில் இருக்கும் சின்ன உயிர்களுக்கும் அது வலிதான், அதனால் சந்தேகம் உள்ள கல்லுக்கு மட்டும் செய்யுங்கள். கண்ணாடி போல் மெலிந்து நிற்கும் பழுப்பு நிறக் கடற்சாமந்தியான ஏப்டேசியாவைக் கிள்ளி எடுக்காதீர்கள், விடுபட்ட துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தொல்லை உயிர்கள் சாகட்டும் என்று கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள். சோயாந்தஸ், பாலிதோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு, ஆவியோடு அது காற்றில் கலந்து மூச்சில் ஏறினால் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். கல்லைக் கையாளும்போது எப்போதும் கையுறை, சுரண்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும்.

டேங்கில் அடுக்கும்போது பெரிய கற்களை நேராக அடிக் கண்ணாடியில் உட்கார வைத்து, பிறகு மணலைப் போடுங்கள். மணல்மேல் வைத்தால் கோபி மீனோ பிஸ்டல் இறாலோ அடியில் தோண்டிக் கல் சரியும், சரிந்த கல் கண்ணாடியை உடைக்கும். பின்சுவரை ஒட்டி மதில் மாதிரி எழுப்பாமல் நாலு பக்கமும் தண்ணீர் புகுந்து வெளிவர இடம் விடுங்கள், தண்ணீர் ஓடாத மூலையில் குப்பை சேர்ந்து நைட்ரேட் ஏறும். ஆடும் கல்லை எபாக்ஸி புட்டியால் பிடித்துவிடுங்கள். முதல் வாரங்களில் ஒன்றிரண்டு மீனோடு நிறுத்துங்கள். கால்சியம் 400-450 பிபிஎம், மெக்னீசியம் 1300 பக்கம், காரத்தன்மை 8-9 டிகேஎச் என்று ஆடாமல் இருந்தால் ஊதா நிறக் கோரலைன் பாசி தானாகக் கண்ணாடிவரை ஏறும்.

மீனுக்கு நோய் வந்தால் தாமிர மருந்தை இந்த டேங்கில் ஊற்றவே கூடாது. கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும், இறால், நத்தை, பவளம் எதுவும் தாங்காது. மீனைப் பிடித்துக் கல்லில்லாத தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் பாருங்கள்.